இடைவேளைக்குப் பின் நான் பார்க்காத படம்

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், எருமப்பட்டி டூரிங் கொட்டகைக்கு ஒரு ராஜா ராணி படம் வந்தது. பழைய நாவல் ஒன்றைப் படமாக எடுத்திருந்தார்கள். அதன் முதல் இரண்டு பாகங்களை என் மனைவி கல்யாணத்துக்கு முன்பே படித்திருந்தாள். மூன்றாம் பாகத்தை நூலகத்திலிருந்து எடுத்துப் போன புண்ணியவான் திருப்பித் தரவே இல்லை. ராணி கடைசியில் என்ன ஆனாள் என்று தெரியாமலே எனக்குக் கழுத்தை நீட்டியவள் அவள். நான் தமிழ் எம்.ஏ. படித்த பள்ளி வாத்தியார். மூன்று பாகத்தையும் கரைத்துக் குடித்தவன்.

"ஏனுங்க, முடிவ மட்டும் சொல்லிப்போடாதீங்க. நானே பாத்துக்கறேன்" என்று கிளம்பும்போது கேட்டுக்கொண்டாள். சத்தியம் செய்தேன்.

கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். அந்த நேரத்தில் கதை புரியாதவர்கள் புரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்வது வழக்கம். பக்கத்திலிருந்த லாரிக்காரர், "ஏனுங்க வாத்தியாரே, அந்த மீசக்காரன் ராணிக்கு அண்ணனா, எதிரியா?" என்று ஆரம்பித்தார். சொன்னேன். முன்வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. வகுப்பில்கூட எனக்கு அப்படியோர் அமைதி வாய்த்ததில்லை. அடுத்த முறை விளக்கு எரிந்தபோது குரலை உயர்த்தி, வம்ச வரலாற்றில் தொடங்கி, மீசைக்காரன் கொடுக்கும் விஷத்தைத் தெரிந்தே குடித்து ராணி சாவது வரை சொல்லி முடித்துவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. அது பரவியது. படம் மறுபடி ஓடியபோது திரையில் ராணி ஊஞ்சலாடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் பக்கம் ஒரே ஒப்பாரி.

ஓர் அம்மாள் சுவர்மேல் எட்டிப் பார்த்து, "வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியா சாமி? கடைசில அழுவலாம்னு வந்தம். இப்பவே அழ வெச்சுப்போட்டியே" என்றாள்.

இடைவேளையில் கொட்டகைக்காரர் வந்தார். "பொம்பளைங்க பாதியில எந்திரிச்சுப் போறாங்க. நீங்க செத்த நேரம் சோடாக்கடையில உக்காருங்க வாத்தியாரே."

படம் விட்டு வந்த லாரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ராணி சாகலீங்களே. நீங்க எந்தப் பொஸ்தகத்தப் படிச்சீங்க?"

சினிமாக்காரர்கள் முடிவை மாற்றியிருந்தார்கள். அது என் மனைவிக்கு மட்டும் தெரியாது. இதோ விஷம் வரப்போகிறது என்று முந்தானையால் முகத்தை மூடியவள், கடைசிவரை எடுக்கவே இல்லையாம். படத்துக்கு அன்றுதான் கடைசி நாள். முடிவைச் சொல்லாதே என்பதுதான் அவள் என்னிடம் முதன்முதலாகக் கேட்டது. கொஞ்சம் பேர் திரும்பிப் பார்த்ததற்காக அதை விற்றுவிட்டேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

படப்பெட்டி ஜலகண்டாபுரம் போயிருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் மாறி மாறி அவளை அங்கே அழைத்துப் போனேன். "நீங்க வெளியவே இருங்க" என்றாள். இருந்தேன். சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள்.

"ராணி எப்படிப் பொழச்சா அம்மிணி?"

"முடிவ நான் சொல்லமாட்டனுங்க."

சொல்லவில்லை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த பிறகு ஒரு நாள் அந்தப் படத்தைப் போட்டார்கள். இடைவேளை வரை சேர்ந்து பார்த்தோம். பிறகு அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போனேன்.