மஞ்சள் பூசிய கோழி

கூண்டில் முட்டையிட்டு ஓய்ந்துபோன கோழிகளைத் தத்தெடுப்பது இப்போது ஒரு பழக்கமாகப் பரவிவருகிறது. முட்டை குறைந்ததும் பண்ணையிலிருந்து கறிக்கடைக்குப் போக வேண்டியவற்றை, யாரோ சில பிள்ளைகள் கெஞ்சி வாங்கிவந்து, செல்போன் குழுவில் படம் போட்டு இடம் கேட்கிறார்கள். அடையாறு பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறார்களாம். எனக்கு இருந்தது காலடிப்பேட்டையில் ஒரு வாடகை வீடும் மேலே மொட்டை மாடியும்தான். மணலியில் ஒரு கம்பெனியில் பில் போட்டுவிட்டுத் திரும்பினால், பேச வீட்டில் ஈ காக்கை கிடையாது. நானும் ஒன்று கேட்டேன், கொடுத்தார்கள்.

பெட்டியைத் திறந்தபோது அதைக் கோழி என்றே சொல்ல முடியவில்லை. கழுத்தில் ஒரு இறகு இல்லை. கம்பியில் உரசி உரசித் தோல் புண்ணாகியிருந்தது. கையை நீட்டினால் ஓடாது, அப்படியே பதுங்கி உட்கார்ந்துவிடும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, நானும் தினம் முட்டை தின்கிறவள்தான். மஞ்சளை எண்ணெயில் குழைத்துக் கழுத்து முழுக்கப் பூசிவிட்டேன்.

மறுநாள் காலை கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அக்கா துணி காயப்போட மேலே வந்தாள். அவளுக்கு மாடி என்றால் உயிர். ஒரு காய்ந்த இலை கிடந்தாலே தெருவுக்கே கேட்கும்.

"இன்னாமா இது? வூட்டு மேல கோழி வளக்கச் சொல்லி யார் சொன்னது? ஒரே கலீஜா கீது!" என்று கத்திக்கொண்டே போனவள், கழுத்து மஞ்சளைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள். குரல் இறங்கிவிட்டது. "அம்மனுக்கு நேந்துவுட்டதா? மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. கோழிக்கு இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அன்றிலிருந்து அக்கா மீந்த சோறெல்லாம் கொண்டுவந்து வைத்தாள். கோழியும் மெல்ல நடந்தது, வெயிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்து இறக்கையை விரித்தது. மாலையில் படியேறும்போது என் காலடிச் சத்தம் கேட்டுக் குரல் கொடுக்கும். இந்த ஊரில் என்னை எதிர்பார்த்திருந்த ஒரே ஜீவன் அதுதான், சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆடி பிறந்த சமயம், ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிற அக்காவின் கணவர் வேலையிலேயே மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். நினைவு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாடிக்கு வந்த அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உன் நேத்திய இப்பவே முடிச்சிடுமா. என் வூட்ல நின்ன கோழி. அவருக்கும் சேத்து வேண்டிக்கோ."

"அக்கா, வேற நல்ல சேவலா வாங்கித் தரேன்க்கா."

"நேந்துக்கினத மாத்துவாங்களா? தெய்வத்தோட வெளாடாத."

பூசியது வெறும் மருந்து என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்த யாராலும் அது முடிந்திருக்காது. அந்த ஒரு பிடியைத்தான் அவள் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெருக்கோடி அம்மன் கோயிலில் கோழியைக் கையில் ஏந்தி நின்றேன். பலி கொடுக்கும் முன் அதன் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். உடம்பைச் சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள், அப்புறம்தான் கத்தி. பூசாரி தெளித்தார். "சிலுப்பிடு, சிலுப்பிடு தாயே" என்று அக்கா அழுதாள். சிலுப்பாதே, சிலுப்பாதே என்று நான் உள்ளுக்குள் கதறினேன். ஒரே அம்மனிடம் இரண்டு பேரும் இப்படி நின்றோம். ஒரு மனிதர் சாகக் கிடக்கும்போது கோழிக்காக வேண்டுகிறாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

கோழி அசையவில்லை. கூண்டில் கற்ற பாடம் அதற்கு அது ஒன்றுதான். பயம் வந்தால் கல்லாகிவிடும். பூசாரி மறுபடி தெளித்தார், சொம்போடு ஊற்றினார். என் புடவை நனைந்ததுதான் மிச்சம். "உத்தரவு இல்லம்மா, இட்டுக்கினு போங்க" என்று கத்தியைத் துணியில் சுற்றினார்.

பிழைத்துவிட்டது என்று எனக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அக்கா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "அம்மன் வாங்கல. அவர் தங்க மாட்டாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேர்ச்சை என்று ஒன்று இல்லவே இல்லை, புண்ணுக்குப் பூசியது, அம்மனுக்கும் இந்தக் கோழிக்கும் சம்பந்தமில்லை, அவள் உங்களை ஒன்றும் மறுக்கவில்லை என்றேன். திட்டுவாள், அறைவாள், வீட்டைக் காலி பண்ணச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் மடியிலிருந்த கோழியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த ஆடி முடிவதற்குள் அவர் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் அக்கா மாடிக்கு வந்தாள். கோழிக்குச் சோறு வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கு ஆட்டோல சொன்னியே, என்னத் தேத்தத்தானே அப்டிச் சொன்னே?"

"இல்லக்கா, நெஜமாத்தான் சொன்னேன்."

"நல்ல பொண்ணுமா நீ" என்று என் தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனாள். அவள் நம்பவில்லை.