ஈரக்கையால் போட்ட விளக்கு

அஸ்தம்பட்டியில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டில் நான்கு எலெக்ட்ரிக் விளக்குகள் இருந்தன. யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. சுவரில் பித்தளை மூடி போட்ட ஸ்விட்சைத் தட்டினால் கூடம் முழுக்க வெளிச்சம். முதல் வாரம் அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டு அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு. என் நான்கு வயது மகளுக்கோ அதைத் தட்டுவதுதான் விளையாட்டு. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிடுவாள்.

ஐப்பசி மழையில் ஓடு ஒழுகிச் சுவர் ஊறிப்போயிற்று. ஒரு நாள் அரிசி களைந்த கையோடு ஸ்விட்சைத் தொட்டேன். யாரோ தோள்வரை பிடித்து உதறியதுபோல் இருந்தது. என் கை வலித்தது பெரிதாகப் படவில்லை. மகள் அந்த முக்காலியில் ஏறி நிற்பதுதான் கண்ணில் வந்தது.

வீட்டுக்காரரிடம் மூச்சுவிடக் கூடாது என்றார் என் கணவர். சொன்னால் வம்பே வேண்டாம் என்று காலி பண்ணச் சொல்லிவிடுவாராம். வேறு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாம். ஆபீஸில் கைகட்டி நிற்கிறவர், வீட்டிலும் அப்படித்தான். நான் முக்காலியைப் பரணில் ஏற்றினேன். வீட்டுக்காரர் புதுச்சத்திரத்தில் தோட்டம் வைத்திருந்த குடியானவர். அந்தப் பக்கம் போகிற பஸ் கண்டக்டரிடம் நானே சொல்லி அனுப்பினேன்.

மறுநாளே வந்துவிட்டார். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் முதலில் என் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். உடனே ஒயர்மேனை அழைத்துவந்து ஃப்யூஸைப் பிடுங்க வைத்தார். ஓடு மாற்றி, பழைய ஒயரையெல்லாம் உருவிப் புதிதாக இழுக்கப் பத்து நாளாயிற்று. பத்து நாளும் சிமினி விளக்கில் சமைத்தேன், ஒரு முணுமுணுப்பு இல்லாமல். என் குணம் தெரிந்தவர்களுக்கு இதுவே அதிசயம்.

வேலை முடிந்த அன்றும் மழை. ஒயர்மேன் ஃப்யூஸைப் போட்டு, எல்லாம் சரி என்றார். மகள் ஸ்விட்சை நோக்கி ஓடினாள். வீட்டுக்காரர் அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தார். பிறகு மழையில் இறங்கிக் கையை நீட்டி நனைத்துக்கொண்டு, ஈரக்காலோடு ஸ்விட்சுக்குப் போனார். ஒயர்மேன் பதறிவிட்டார். எல்லாம் சோதித்தாகிவிட்டது, ஈரக்கையால் மட்டும் தொடவே கூடாது என்று கெஞ்சினார். அவர் சொன்னதுதான் சரி. வீட்டுக்காரர் செய்தது மடத்தனம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் அப்படி ஒரு மனுஷரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் ஸ்விட்சுக்குக் கிட்டே கையைக் கொண்டுபோனார்.

"ஏனுங்க, பயமா இல்லீங்களா?" என்றேன்.

"பயந்தானுங்க அம்மிணி. ஊடு என்னுது, கொழந்தை உங்குளுது. மொதல்ல நாந்தானுங்க தொடோணும்."

தட்டினார். விளக்கு எரிந்தது. கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்துச் சொன்னார்:

"இப்ப நீங்க வாங்க, சாமி."