மடியில் கிடந்த குண்டு

சோணைமுத்துவின் தொடைகளுக்கு நடுவே கனத்த இரும்பு உருளை. இடது கையில் உளி, வலது கையில் சுத்தியல். உருளையின் மூக்கிலிருந்த பித்தளையைத் தட்டிப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் கந்தப்பனின் பழைய இரும்புக் கடைக்கு எது வந்தாலும் முதலில் பித்தளையைப் பிரித்துவிடுவார்கள். சேர்த்து எடை போட்டால் அதுவும் இரும்பு விலைக்கே போய்விடும். கெட்டித் தார் அப்பியிருந்த இதை, ஏதோ சாயப்பட்டறை மெஷினின் உருளை என்றுதான் அவர் நினைத்தார். தார் செதிலாக உதிர்ந்தது. சுத்தியல் நின்றது.

அவருக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இளவயதில் கடற்படைக் கிடங்கு ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். போர்க்காலத்துக் கப்பல் குண்டுகள் அங்கே அடுக்கியிருந்தன. குண்டின் மூக்கில் திருகியிருக்கும் ஃபியூஸ்தான் அதை வெடிக்க வைப்பது. அதில் நசுங்கல், விரிசல், பச்சைக் களிம்பு, அசைந்த திருகு, இவற்றில் எது தெரிந்தாலும் தொடாமல் விலகி அதிகாரியைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பிறகு பனியன் கம்பெனி. முட்டி தேய்ந்ததும் இந்தக் கடை.

இப்போது மடியில் கிடந்ததில் எல்லாமே தெரிந்தன. நசுங்கல் அவருடைய உளி போட்டது.

கந்தப்பனின் அம்மா பொன்னாத்தாளுக்கு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவரைக் கவனித்துக்கொள்வது என் வேலை. வீட்டுக்கும் கடைக்கும் ஒரே சுவர். ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது, கேட்டது.

"என்னப்பா, பித்தளைய மடியில போட்டுத் தாலாட்டறே?" என்றார் கந்தப்பன்.

"மொதலாளி, கிட்ட வராதீக. இது கப்பல் குண்டு. ஃபியூஸ அடிச்சுப்புட்டேன்."

கந்தப்பன் சிரித்தார். சோணைமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"அப்படியே கீழ வெச்சுட்டு வாப்பா!"

"எங்கிட்டு வைக்க? குவியல் சரிவாக் கெடக்கு. விட்டா உருண்டு தகடுல மோதும். மொதல்ல ஆத்தாவத் தூக்குங்க."

ஆட்கள் பொன்னாத்தாளைக் கட்டிலோடு தூக்கினார்கள். "ஏனுங்க, உசுரோட இருக்கறப்பவே தூக்கறீங்களே!" என்று கேட்டுக்கொண்டே போனார். போலீசுக்குச் சொல்லியாயிற்று. வெடிகுண்டுப் பிரிவு கோவையிலிருந்து வர வேண்டும். தெரு காலியானது.

சோணைமுத்துவின் தொடை நடுங்கியது. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. பயம் மட்டும் இல்லை. சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான் ஆகும்.

"காலையில மாத்திரை போட்டீங்களா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டேன்.

"போட்டேன். சாப்பிடல. நீங்க ஓடுங்கக்கா."

"நீங்க மயங்குனா அது உருளும். இந்த முட்டிய வெச்சுட்டு நான் எவ்வளவு தூரம் ஓடறதுங்க?"

தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து எடுத்துப் போய் அவர் வாயில் வைத்தேன். "சாகுறதுக்குன்னே வந்தீகளாக்கும்" என்று திட்டிக்கொண்டே குடித்தார். நடுக்கம் கொஞ்சம் மட்டுப்பட்டது. ஆனால் கால் மரத்துவிட்டது என்றார். இனித் தாங்காது.

சுவரோரம் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகள் கிடந்தன. அவர் கண்ணால் காட்டிய இடத்தில் ஒவ்வொன்றாக இழுத்துவந்து சரிவில் முட்டுக்கொடுத்தேன். குண்டின் மீது என் விரல் படவில்லை. அவர் ஃபியூஸையே பார்த்தபடி ஒரு காலை உருவினார். குண்டு அசைந்தது. உளியும் சுத்தியலும் அருகில் கிடந்தன. குண்டு உருண்டு அவற்றில் மோதிவிடுமோ என்று நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி அமுங்கி, குண்டு நின்றது. மறுகாலையும் உருவினார். எழ முடியவில்லை. அக்குளில் கைகொடுத்து வாசல்வரை இழுத்துப் போனேன்.

சாயங்காலம் வெடிகுண்டுப் பிரிவினர் மணல் நிரப்பிய லாரியில் அதைக் கொண்டுபோனார்கள். அப்போதுதான் கந்தப்பனுக்கு நினைவு வந்தது: அதே லோடில் பாதி, பக்கத்திலேயே இருக்கும் ராயபுரத்தில் இன்னொரு கடையில் இறங்கியிருந்தது. கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் போன் எடுக்கவில்லை. காலையில் ஆள் அனுப்புவதாகப் போலீசார் சொன்னார்கள்.

"தொறந்ததுமே பித்தளையத்தான் தட்டுவாங்கெ" என்றார் சோணைமுத்து.

மறுநாள் விடிந்ததும் இரண்டு இட்லி தின்னவைத்துத்தான் அவரைக் கந்தப்பனின் வண்டியில் ஏற விட்டேன். அங்கே போலீசார் இன்னும் வந்திருக்கவில்லை. சோணைமுத்து ராயபுரத்துக் கடையின் ஷட்டரை மறித்து நின்றார். வேலைக்கு வந்த முதல் ஆளின் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.