கன்னி மூலையில் வைத்த டிஸ்க்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் போட்டோ கடைகளின் சர்வர் பெட்டிக்கு வைத்தியம் பார்க்க சவுரிராயனை விட்டால் ஆளில்லை. படித்த மற்றவர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள். இவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பஸ்ஸிலேயே வாழ்ந்தான். கடைக்குக் கடை ஒரே வசனம்தான்: "ஒரே படத்த ரெண்டு டிஸ்க்குல எழுதி வைங்க மொதலாளி. பெரிய வூட்ல கதவ சாத்தினாலும் சின்ன வூட்ல சோறு கெடைக்கும்."

திண்டிவனத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த வெங்கடாசலம் அந்த வசனத்தில் விழுந்தவர். தானே புயலுக்கு அடுத்த வருடம் அவர் பெட்டியில் ஒரு டிஸ்க் செத்தது. பெட்டி விடாமல் கத்தியது. அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போன் போட்டார்.

அன்று மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து தனம் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இங்கே எடுத்த கல்யாண ஆல்பத்தைப் புயல் கொண்டுபோனது. புருஷனை அப்புறம் கடல் கொண்டுபோனது. மாலை போட ஒரு படம் வேண்டும். ஓட்டு அட்டையில் இருப்பவர் யாரென்று அவளுக்கே தெரியவில்லை.

"கவலப்படாதீங்கக்கா. ஒண்ணு போனா இன்னொண்ணுல உங்க ஊட்டுக்காரரு சிரிச்சிக்கினு கீறாரு" என்றபடி வந்து சேர்ந்தான் சவுரிராயன்.

இடது பக்கத்துச் செத்த டிஸ்க்கை உருவி, அங்கே புதியதைச் சொருகினான். வலது பக்கத்துப் பழையதிலிருந்து நகல் எடுப்பதுதான் பாக்கி. கரண்ட் போனது. அந்த வருடம் அதற்கு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. டீ குடிக்கப் போனான்.

அந்நேரம் வாஸ்து பார்க்கும் துரைக்கண்ணு வந்தார்.

"இத்தினி கல்யாணமும் எதுல கீது?"

"வலது பக்கம் இருக்கிற டிஸ்க்குல."

"கனமான சாமான் தெக்கால, கன்னி மூலையில இருக்கணும். நீ வடக்க வச்சிக்கினு கீற. கத்தாம என்ன பண்ணும்?"

வெங்கடாசலம் இரண்டையும் உருவி, இடம் மாற்றிச் சொருகினார்.

கரண்ட் வந்ததும் சவுரிராயன் ஓடி வந்தான். அடுத்த கரண்ட் கட்டுக்குள் முடிக்க வேண்டும். எதிலிருந்து எதற்கு என்று திரை கேட்டது. வலதிலிருந்து இடதுக்கு. நிச்சயமா என்று இன்னொரு தரம் கேட்டது. டிஸ்க்கை உருவி நம்பரைப் பார்த்திருக்கலாம். தன் கையால் சொருகியதை எதற்குப் பார்க்க வேண்டும்? ஆமாம் என்று தட்டினான்.

நகல் பிசகில்லாமல் முடிந்தது. இரண்டு டிஸ்க்கும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. இரண்டிலும் ஒன்றுமில்லை.

சவுரிராயன் திரையை விட்டுத் திரும்பினான். "உள்ள கை வச்சீங்களா மொதலாளி?"

"நான் எடத்ததாம்பா மாத்தினேன். வேற ஒண்ணும் பண்ணல."

துரைக்கண்ணு பெட்டியில் காதை வைத்தார். "பாத்தியா, கத்தறது நின்னுடுச்சி."

தனம் எழுந்து வந்தாள். "அவரு அதுல இல்லியா தம்பி?"

அவன் காலித் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"பரவால்ல. நான் சொல்றேன், நீ அதுல ஏத்து. நெத்தி ஏறினாப்ல இருக்கும். புருவத்துல ஒரு வெட்டு. அவருக்கு எடது, எதுருக்க நின்னு பாத்தா வலது. மாத்தி போட்டுறாத தம்பி."

சவுரிராயன் கீபோர்டில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.