பச்சைக்கு வராத கோப்பு

பிள்ளைகளே, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளியில் கேட்டதற்குச் சின்னவள் "ரூமுக்குள்ள இருக்கார் மிஸ்" என்று சொன்னாளாம். உங்கள் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரியாகத்தானே சொல்லியிருக்கிறாள்? காலையில் உள்ளே போகிறேன், கதவைச் சாத்துகிறேன், காதில் ஹெட்போனை மாட்டுகிறேன். அதைத் தாண்டி நான் என்ன செய்கிறேன் என்று உங்களுக்கு உட்கார்ந்து சொன்னதே இல்லை. அதனால் எழுதுகிறேன். களம்பூரிலிருந்து தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு வந்தேனே, அன்றைக்கு என்ன நடந்தது என்பதும் இதில் வரும்.

முதலில் வேலை. பெரிய கம்பெனிகள் இப்போது சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கி வைப்பதில்லை. எங்கோ பெரிய கூடங்களில் வரிசையாக இருப்பவற்றை வாடகைக்கு எடுக்கிறார்கள். கிளவுட் என்கிறார்கள். எனக்கு இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வேண்டும், இவ்வளவு இடம் வேண்டும், இதற்குள் இன்னார் வரலாம், இன்னார் வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தால் போதும், எல்லாம் தானாக அமைந்துவிடும். எழுதுகிற ஆள் தப்பாக எழுதினால்? அதைப் பிடிக்கத்தான் என் கோப்பு.

நம் நெசவுத் தெருவில் சேலைக்கு ஆர்டர் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். நீளம் என்றால் எண்ணாகச் சொல்ல வேண்டும். நிறம் என்றால் சாயப்பட்டறையில் கிடைக்கும் நிறங்களில் ஒன்று. முந்தானை எப்படி என்று கட்டாயம் சொல்ல வேண்டும். பிளவுஸ் துண்டு வேண்டுமென்றால் சொல்லலாம், விட்டாலும் குற்றமில்லை. நீளம் எவ்வளவு என்று கேட்டால் மாம்பழ மஞ்சள் என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். தறியில் ஏற்றும் முன்பே 'இது ஒத்துவராது' என்று தடுக்க ஒருவர் வேண்டுமல்லவா? கம்ப்யூட்டரில் அப்படித் தடுப்பதுதான் என் கோப்பு. டைப் டெபனிஷன் என்று அதற்குப் பெயர்.

வாடகைக்கு விடுகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. இன்று புதிதாக ஒன்றைச் சேர்ப்பார்கள். நேற்றுவரை ஒரு பெயர் கேட்ட இடத்தில் நாளை பல பெயர்கள் கொடுக்கலாம் என்பார்கள். அவர்கள் மாற்ற மாற்ற என் கோப்பையும் மாற்ற வேண்டும். மாற்றி முடித்துச் சோதனையை ஓட்டினால், அவர்களுடையதும் என்னுடையதும் ஒத்துப்போகிறதா என்று அது பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை வந்த அன்றே மறுபடி சிவப்பாகும். முடிகிற வேலை இல்லை இது. நெய்கிறவர்கள் சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படிக் கையில் எடுக்க ஒன்றும் வருவதில்லை.

போதாதற்கு, அந்தக் கோப்பின் உள்ளும் புறமும் தெரிந்தவன் என் கம்பெனியில் நான் ஒருவன்தான். எனக்கு வேறு வேலை கொடுங்கள் என்று இரண்டு தரம் கேட்டுப் பார்த்தேன். சென்னையில் இருக்கும் என் மேலதிகாரி, என்னைவிட வயதில் சின்னப் பெண், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், "உங்களை விட்டா யாருண்ணா இருக்காங்க?" என்றாள். கேட்கும்போது பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

அந்தச் சமயத்தில்தான் நம் ஊர்ப் பக்கத்துச் சேத்துப்பட்டில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபுக்கு உதவியாளர் வேண்டும் என்று தெரிந்தது. என் டிப்ளமோ போதும் என்றார்கள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. வீட்டுக்கு வந்துவிட்டால் அன்றைய வேலை அங்கேயே கிடக்கும். உங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை சேர வேண்டும், பழைய இடத்தில் என்னை விடுவித்த கடிதத்தோடு.

மேலதிகாரி நல்லவள். "லெட்டர் தர்றேன்ணா. ஃபைல் பச்சையா இருக்கணும். பச்சையில இருந்தாத்தான் வேற ஆள்கிட்ட குடுக்க முடியும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க" என்றாள்.

நியாயம்தான். ஆனால் அங்கே நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். நம் தெருக்காரன் மட்டுமே போடக்கூடிய கணக்கு அது.

தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது அதன் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்களே, பார்த்திருக்கிறீர்கள். பிணைக்க உட்கார்ந்தவர் பாதியில் எழ மாட்டார். எழுந்தால் இழை தளரும், தளர்ந்தால் சிக்கும். எங்கள் வீட்டில் பாவு பிணைக்கும்போது கூப்பிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் எனக்குள் ஊறிக் கிடந்தது. "சின்னச் சின்னதா அனுப்புங்கண்ணா, நான் பார்த்துப் பார்த்து வாங்கிக்கிறேன்" என்று அவள் எத்தனையோ தரம் சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை. எல்லா மாற்றத்தையும் என்னிடமே சேர்த்து வைத்துக்கொண்டேன். ஒரே உட்காரலில் முழுசாகப் பிணைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நாளும் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை அமாவாசை. அமாவாசையன்று தெருவில் ஒரு தறியும் ஓடாது. பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் அதிரும் என் சுவர் அன்று சும்மா இருக்கும். இதைவிட நல்ல நாள் ஏது?

காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். பத்து வரி அடித்திருக்க மாட்டேன், மின்விசிறி நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்டர்நெட்டும் போயிற்று. வெளியே வந்து உங்கள் அம்மாவைக் கேட்டேன்.

"சாய்ங்காலம்தான் வரும்" என்றாள் அவள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே.

"யார் சொன்னா?"

"ஆட்டோல மைக் கட்டிகினு நேத்து முழுக்கச் சொல்லிகினு போனானே. லைன் ரிப்பேராம். ஊர்ல தறி ஓடாத நாளாப் பாத்துத்தானே கரண்டை நிறுத்துவாங்க? ஊருக்கே கேட்டுது. நீதான் காதுல பூட்டு போட்டுகினு இருந்தியே!"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கதவத் தட்டினா 'மீட்டிங்கு மீட்டிங்கு'ன்னு கத்துற. இப்ப என்னியக் கேளு. பேஜார் புடிச்ச வேலை!"

அமைதிக்காக நான் தேடிப் பிடித்த நாளை, அதே காரணத்துக்காகக் கரண்ட் ஆபீசும் தேடிப் பிடித்திருந்தது. கம்ப்யூட்டரில் பாட்டரி பாதிக்குக் கீழே. வாசலில் நின்று யோசித்தேன். களம்பூரில் அரிசி ஆலையில் உங்கள் மாமா வேலை பார்க்கிறார், அங்கே ஜெனரேட்டர் இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆலை வாசலில் லாரிகள் நின்றன. உங்கள் மாமா என்னைப் பார்த்ததும், "இன்னா மாமா, பொட்டியத் தூக்கிகினு வந்துட்டீங்க? நெல்லா அதுல? அரைச்சிக் குடுக்கட்டுமா?" என்றார்.

"கரண்ட் இல்ல மாப்ள. இன்னிக்கி முடிச்சாத்தான் எனக்கு விடுதலை."

"ஜெயில்லேர்ந்து வந்தவன் மாதிரி பேசுறீங்களே. வாங்க, ஜல்தியா உக்காருங்க. முதலாளி மத்தியானம்தான் வருவாரு."

எடை போடும் அறையில் ஒரு ஸ்டூலைக் காட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஆலை ஓடியது. விசைத்தறிச் சத்தத்துக்குப் பயந்த நான், போனிலிருந்து இன்டர்நெட் எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து தட்டினேன். தூசி கீபோர்டில் படிந்தது, ஊதி ஊதித் தட்டினேன். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. சோறு தின்ன உங்கள் மாமா கூப்பிட்டதும் காதில் ஏறவில்லை. எல்லாவற்றையும் பிணைத்து முடித்துச் சோதனையை ஓட்டினேன்.

சிவப்பு.

சோதனை முடிவு அவளுக்கும் போகும், மேலதிகாரியே போன் செய்தாள். "அண்ணா, அவங்க இன்னிக்குக் காலைல புதுசா ஒண்ணு விட்டிருக்காங்க. அதுல ஒரு இடம் மட்டும் ஒத்து வரல. அன்னன்னிக்கு அனுப்பியிருந்தா மத்ததெல்லாம் போன வாரமே பச்சையா உள்ள போயிருக்கும். இப்ப மொத்தமும் சேர்ந்து நிக்குது."

சிவப்பில் நின்றது ஒரே வரி. வாடகைக் கம்ப்யூட்டருக்குள் யார் வரலாம், யார் வரக் கூடாது என்று சொல்லும் இடம். அதில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். அதில் ஒரு பெயர் வருமா, பல பெயர் வருமா, ஆமாம் இல்லை என்று மட்டும் வருமா என்று அவர்களுடைய விளக்கத்தில் இன்னும் எழுதவில்லை. தேடாத இடமில்லை.

"ஒண்ணு பண்ணுங்க" என்றாள் அவள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த இடத்துல 'எனி'ன்னு போட்டுடுங்க. பச்சை வந்துடும். நான் லெட்டர் போட்டுடுறேன். நீங்க திங்கக்கிழமை போய்ச் சேருங்க."

எனி என்றால் எதை எழுதினாலும் சரி என்று அர்த்தம். நீளத்துக்கு மாம்பழ மஞ்சள் என்றாலும் சரி. வேறு இடங்களில் எல்லோரும் அப்படிப் போடுவதுதான். நானும் போட்டேன். சோதனையை ஓட்டினேன். பச்சை. அத்தனை நாள் காத்திருந்த பச்சை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே யார் வரலாம் என்று கேட்கும் இடத்தில், எதைச் சொன்னாலும் தலையாட்டும் காவல்காரனை நிறுத்தியிருக்கிறேன். நாளைக்கு ஒருவர் அங்கே தெரியாமல் தப்பாக எழுதுவார். என் கோப்பு சரி என்று சொல்லும். கதவு ஊருக்கே திறந்து கிடக்கும். அப்போது நான் சேத்துப்பட்டில் மாணவர்களுக்கு மவுஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயர் மட்டும் இருக்கும். இதை நல்ல குணம் என்று நினைக்காதீர்கள். பாதி பயம்தான். மீதி என்னவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வரியை அழித்தேன். மறுபடி சிவப்பு வந்தது.

"விளக்கம் வரட்டும் மேடம். இந்த எடத்துல மட்டும் வேணாம்" என்றேன்.

"அப்போ இன்னிக்கு லெட்டர் குடுக்க முடியாதேண்ணா. சிவப்புல குடுத்தா என்னைக் கேப்பாங்க."

"தெரியும் மேடம்."

ஆலைச் சத்தம் கேட்காத இடம் தேடி லாரிகளுக்குப் பின்னால் போய் நின்று கல்லூரிக்குப் போன் செய்தேன். ஒரு வாரம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். "அடுத்த ஆள் ரெடியா இருக்காருங்க. லேப் தொறந்தாவணும்ல? தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் அங்கே இருந்தவர். தப்பாக நினைக்க அதில் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் அம்மா, "பெரிய அரிச்சந்திரன்! யாரு ஊட்டுக் கதவோ தொறந்துக்கும்னு நம்ம ஊட்டுக் கதவச் சாத்திகினு வந்திருக்கு" என்றாள். அப்புறம் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல உள்ளே போய் உட்கார்ந்தேன். அதற்குள் புதிதாக இரண்டு மூன்று மாற்றங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை ஒவ்வொன்றாக, முடிக்க முடிக்க அனுப்பினேன். வாரக் கடைசியில் அந்த ஒரு கட்டத்துக்கும் விளக்கம் வந்தது. அங்கே பல பெயர்கள் வர வேண்டுமாம். ஒரு பெயர்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். ஊகித்து எழுதியிருந்தாலும் தப்பாகத்தான் போயிருக்கும். சரியாக எழுதி அனுப்பினேன்.

அன்று மத்தியானம் கோப்பு முழுவதும் பச்சை. மேலதிகாரியிடமிருந்து செய்தி வந்தது: "சூப்பர்ணா. லெட்டர் ரெடி பண்ணட்டுமா?"

கல்லூரி வேலை கைவிட்டுப் போனது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு எந்தப் பஸ்ஸில் ஏறுவது? "இப்போதைக்கு வேணாம் மேடம்" என்று எழுதினேன். அவள் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாள்.