நிற்கத் தெரியாத வள்ளம்

எனக்கு நீச்சல் தெரியாது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. கல்யாணமாகி மணமேல்குடிக்குத் தெற்கே இந்தக் கடற்கரைக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் கரைக்குத் திரும்பிவிடுவேன். தெருவில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு பைபர் வள்ளம் இருக்கிறது. பின்பக்கம் டீசல் எஞ்சின் வைத்தது. போன வருடம் கடல் எல்லைக்குப் பக்கத்தில் வலை போட்டிருந்தபோது, அக்கரை நாட்டு ரோந்துப் படகு வந்து பக்கத்து வீட்டுக்காரர் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இவர் சற்றுத் தள்ளி இருந்ததால் தப்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர் பல மாதம் கழித்து வெறும் ஆளாகத் திரும்பினார், வள்ளம் வரவில்லை. அந்த மாதங்களில் அவர் மனைவி எங்கள் அடுப்படியில் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பாள். டீ கொடுத்தால் ஆறிப்போகும் வரை கையில் வைத்திருப்பாள். அதைப் பார்த்தவள் நான். அதனால் “வேகம் பத்தல, எஞ்சினை ஏத்தணும்” என்று இவர் சொன்னபோது எனக்கும் சரியென்றுதான் பட்டது.

அந்த நேரத்தில் என் கொழுந்தன் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தான். அங்கே படகு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. பணக்காரர்கள் விளையாட்டுக்கு ஓட்டும் பெட்ரோல் படகுகளின் எஞ்சினைப் பிரித்து, இன்னும் வேகம் போகிற மாதிரி மாட்டிக் கொடுப்பானாம். பெட்ரோலுக்கு நாங்கள் எங்கே போவது? இருக்கிற டீசல் எஞ்சினையே மிரட்டி ஓட வைக்கலாம் என்றான். அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்குமாக பஸ்ஸில் அலைந்து எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ ஒன்றைக் கொண்டுவந்தான். டீசல் பம்பில் கம்பெனிக்காரன் வைத்த சீலை உடைத்து, டீசல் கூடுதலாகப் போகும்படி ஸ்க்ரூவைத் திருகினான். தண்ணீருக்குள் சுற்றும் காத்தாடியையும் மாற்றினான். வாசல் முழுக்க கிரீஸ். கோலம் போட இடமில்லாமல் ஒரு வாரம் நான் திட்டிக்கொண்டே சுற்றி வந்தேன்.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. வள்ளத்தில் வலை கிடக்கிற இடத்தில் வலையின் பாரத்துக்கு மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கொழுந்தன் சீண்டினான்.

“மதினி ஏறுனா ரெண்டு மூட்டை மிச்சம்.”

“அவ எங்கிட்டு ஏறுறது? கால் நனைஞ்சாலே காய்ச்சல் வந்துரும் அவளுக்கு” என்றார் இவர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் என்ன காரியம் செய்தோம் என்று உறைத்தது. இறங்குகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலில் மெதுவாகத்தான் போனது. பிறகு இவர் வேகம் கூட்டும் லிவரைத் தள்ளினார். முன்பக்கம் தூக்கிக்கொண்டது, பின்பக்கம் அமுங்கியது. டர்போ விசிலடித்தது. காற்றில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பலகையைப் பிடித்திருந்த என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி மரத்துப் போயின. குலசாமி பெயரைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. திரும்பிப் பார்த்தால், எங்கள் வள்ளம் எழுப்பிய அலை எங்களுக்குப் பின்னாலேயே ஒரு வரப்பு உயரத்துக்கு ஓடி வந்துகொண்டிருந்தது. அவர்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவே இல்லை. கொழுந்தன் சிரித்துக்கொண்டிருந்தான். இவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அப்போது முன்னால் யாரோ போட்டிருந்த நண்டு வலையின் மிதவைகள் தெரிந்தன. இவர் சட்டென்று லிவரை முழுக்க இழுத்துவிட்டார். இத்தனை வருடப் பழக்கம் அது. பழைய எஞ்சினில் அப்படி இழுத்தால் வள்ளம் சோம்பலாக நிற்கும், அவ்வளவுதான்.

வள்ளம் நின்றது. பின்னால் வந்த அலை நிற்கவில்லை. அப்படியே எழும்பி, பின்பக்கத்தைத் தாண்டி, எஞ்சின் மேலேயே வந்து விழுந்தது. எஞ்சின் புகையும் ஆவியுமாகக் கக்கிவிட்டு அணைந்தது. என் முழங்கால் வரைக்கும் தண்ணீர். “முன்னாடி போங்க மதினி, முன்னாடி போங்க” என்று கொழுந்தன் கத்துவது கேட்கிறது, கால் நகர மறுக்கிறது. அவன் மணல் மூட்டைகளைத் தூக்கிக் கடலில் வீசினான். இவர் வெட்டிய கேனால் தண்ணீரை இறைத்தார். வள்ளத்தின் விளிம்புக்கும் கடலுக்கும் ஒரு விரல்தான் இடைவெளி. செத்துவிடுவேன் என்று நிச்சயமாக நினைத்தேன். வீட்டில் ஊற வைத்த உளுந்து ஞாபகத்துக்கு வந்தது.

பாரத்தைக் குறைக்க இவர் கடலில் குதித்தார். குதித்தவர் நின்றார். தண்ணீர் அவர் நெஞ்சு வரைக்கும்தான் இருந்தது. எங்கள் கடல் கரையோரம் வெகுதூரத்துக்கு ஆழம் இல்லாதது. அவர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் இன்னும் பலகையை விடவில்லை.

மறுநாள் வாசலில் எஞ்சினைப் பிரித்து நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் ஒன்றும் நடக்காதது போலச் சொன்னான்:

“எஞ்சின்ல கோளாறு இல்ல மதினி. சடார்னு நிறுத்தக் கூடாது, படிப்படியா கொறைக்கணும். அம்புட்டுதேன்.”

“சரி தம்பி. அங்கிட்டு நடுக்கடல்ல ரோந்துக்காரன் வந்து நில்லுங்கிறான். அவன்கிட்டயும் படிப்படியா நிக்கிறோம், பொறுத்துக்கன்னு சொல்வீங்களா? அங்க கால் தரையில படுமா?”

 இவர் ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னார்:

“நிக்கிறதா இருந்தா இம்புட்டு வேலை எதுக்கு?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் நிற்கப் போவதில்லை. துப்பாக்கியைக் காட்டினாலும் நிற்கப் போவதில்லை. அதை எப்போதோ முடிவு செய்துவிட்டுத்தான், தம்பியை ஸ்க்ரூவைத் திருக விட்டிருக்கிறார்.

கொழுந்தன் லீவு முடிந்து போய்விட்டான். எஞ்சின் ஓடுகிறது. மத்தியானம் போகிறவர்கள் மறுநாள் விடிந்ததும் திரும்புவார்கள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். இத்தனை வள்ளங்களில் விசிலடித்துக்கொண்டு வருவது எங்களுடையதுதான். கரை நெருங்கும்போது அந்த விசில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கி முடிந்த பிறகுதான் குடத்தைத் தூக்குவேன். குடம் நிரம்பி வழிந்தால் வரிசையில் நிற்பவர்கள் ஏசுவார்கள்.

போன மாதம் ஒரு காலையில் விசில் கேட்டது. வெகுதூரத்திலேயே சட்டென்று அறுந்து போனது.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. இடுப்பு வரை, மார்பு வரை போய்விட்டேன். சேலை காலைச் சுற்றியது, உப்புத் தண்ணீர் வாயில் அடித்தது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து வள்ளம் மெல்ல வந்தது. கூட வந்த ஆட்கள் இருவர் மேலே கழி ஊன்றித் தள்ள, இவர் தண்ணீரில் இறங்கி வள்ளத்தை இழுத்துக்கொண்டு நடந்து வந்தார். டீசல் பில்டர் அடைத்துக்கொண்டதாம்.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். என் கழுத்தை நெருங்கிக்கொண்டிருந்த தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீ எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்த?”

“சத்தம் நின்னுருச்சுங்க.”

 அவர் என் கையைப் பிடித்து வள்ளத்தின் விளிம்பில் வைத்தார். மேலே இருந்தவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்:

“எஞ்சினைப் பழையபடி திருப்பி வச்சிரவா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழைய எஞ்சினோடு அவர் அங்கே வலை போட்டிருப்பதும், ரோந்துப் படகு நெருங்குவதும், லிவரை எவ்வளவு தள்ளியும் வள்ளம் ஊர்வதும் கண்ணுக்குள் வந்து நின்றன. ஆறிப்போன அந்த டீயும் வந்தது.

அவர் காத்திருந்தார். நான் அவரோடு சேர்ந்து வள்ளத்தைக் கரைக்கு இழுத்தேன். இன்னும் பதில் சொல்லவில்லை.