கமலவேணி அக்கா கேட்ட டயர்

கமலவேணி அக்கா மறைந்த செய்தி எங்கள் உதவிச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. எங்கள் ஊர் லிட்டில் இந்தியா கடைத்தெருவில், தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கிக்கொண்டு கடை வாசலில் நின்றிருந்தேன். "நம் சங்கத்தின் ஈடு இணையற்ற ஓட்டுநர், வீரப் பெண்மணி கமலவேணி இன்று காலை இயற்கை எய்தினார்" என்று தலைவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஈடு இணையற்ற ஓட்டுநராம். அவரைக் கவனக்குறைவான ஓட்டுநர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியதும் இதே கைதான்.

அஞ்சலி எழுதும்போது கசப்பைத் தவிர்க்க வேண்டும் என்பார்கள். என்னால் முடியவில்லை. அக்காவுக்கும் இனிப்புப் பேச்சு பிடிக்காது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கமலவேணி அக்கா பீச் ஸ்திரீட்டில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வாகன விபத்துப் பிரிவில் வேலை பார்த்தவர். நசுங்கிய வண்டிகளின் படங்களைப் பார்த்துப் பார்த்தே, எந்த வண்டி எதனால் சறுக்கியது, எதனால் குடைசாய்ந்தது என்று சொல்லப் பழகியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. டத்தோ கிராமாட்டில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். கோபக்காரர். கூட்டத்துக்குத் தாமதமாக வருபவர்களை, வயது பார்க்காமல், எல்லார் எதிரிலும் கேட்டுவிடுவார். அவரோடு நான் ஒரு மாதம் பேசாமல் இருந்ததும் உண்டு. பிறகு அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்று, "செல்வி, கோபம் போதும்லா, ஞாயித்துக்கிழமை பயணம் இருக்கு, வரியா இல்லையா?" என்று கேட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் போனேன்.

நான் மருந்துக்கடையில் வேலை செய்பவள். எங்கள் உதவிச் சங்கம், மரம் வெட்டும் கம்பெனி ஒன்று கழித்துப் போட்ட ஃபோர்வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்கியது. ஊரில் ஓடும் பிக்அப்களைவிட ஒரு சுற்றுப் பெரியது. பின்னால் மூடிய பெட்டி, அதற்குள் நோயாளியைப் படுக்க வைக்கும் கட்டில். மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் நுழைய முடியாத, எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்களுக்கும் கம்பங்கள் என்கிற கிராமங்களுக்கும் மருந்து கொண்டுபோவதும், முடியாதவர்களைத் தார்ச்சாலை வரை கொண்டுவந்து சேர்ப்பதும் எங்கள் வேலை. அக்கா ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வண்டி வந்தபோது அதில் உயரமான, ஒடுக்கமான டயர்கள் இருந்தன. அக்காவுக்கு அவை பிடித்திருந்தன. ஒருமுறை கெடா கடற்கரையில் ஒரு மீனவக் கம்பத்துக்குப் போக வேண்டியிருந்தது. அகலமான டயரும் சக்கரமும் ஒரு செட் இரவல் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். "வேணாம், இதுவே போதும்" என்று அக்கா மறுத்துவிட்டார். மணலில் வண்டி அச்சு வரை இறங்கியது. காற்றை இறக்கிப் பார்த்தோம், பலகை போட்டுப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அலை சக்கரத்தைத் தொடுகிற நேரத்தில் கம்பத்துக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து எங்களைக் கரையேற்றினார்கள்.

அடுத்த கூட்டத்தில் யாரும் கேட்பதற்கு முன்பே அக்கா எழுந்தார்.

"மணல்ல மாட்டுனது என் தப்பு. மணலுக்கு அகல டயருதான் சரி. அது மேலயே மிதந்து போகும். ஒல்லி டயரு அறுத்துக்கிட்டு உள்ள எறங்கும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரியல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தச் சங்கத்தில் நான் இருந்த காலம் முழுவதும், 'என் தப்பு' என்று ஒருவர் எழுந்து சொல்லிக் கேட்டது அன்று ஒருமுறைதான்.

பழைய டயர்கள் வழவழவென்று தேய்ந்த பிறகு புதியவை போடும் பேச்சு வந்தது. தலைவரின் நண்பர் ஒருவர், வியாபாரி, நான்கு அகல டயர்களைச் சக்கரத்தோடு நன்கொடையாகத் தர முன்வந்தார். மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பார்க்க மிரட்டலான டயர்கள். வண்டிக் கதவில் அவருடைய கடைப் பெயர், வாசலில் படம் எடுக்கும் சிறு விழா. எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள்.

கூட்டத்தில் அக்கா மறுத்தார். "நாம மாசத்துக்கு எத்தன தடவ கடற்கரைக்குப் போறோம்? போறதெல்லாம் செம்பனைத் தோட்டம். செம்மண்ணு. மேல சேறு, அடியில கெட்டித் தரை. ஒல்லி டயரு சேத்த அறுத்துக்கிட்டுப் போயி தரையப் புடிக்கும். அகல டயரு சேத்து மேலயே வழுக்கும். தோட்டத்து வண்டிங்க அறுத்துப் போட்ட தடம் ஒடுக்கமா இருக்கும், அதுக்குள்ள இது உக்காராது. மழையில தார் ரோட்டுலயும் தண்ணி மேல வண்டியத் தூக்கிடும். எனக்கு ஒல்லி டயரு வாங்கிக் குடுங்க, போதும்."

"கமலா, வண்டின்னா நாலு பேரு திரும்பிப் பார்க்கணும்லா" என்றார் தலைவர்.

"நாலு பேரு பாக்குறதுக்கா தலைவரே, நாலு பேர ஏத்துறதுக்கா?"

சிலர் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்தபடியே, "சரி, அன்னைக்கு மணல்ல பொதைஞ்சது எந்த டயரு? நீங்க சொன்ன ஒல்லி டயருதானே? என் தப்புன்னு நீங்களே சொன்னீங்களே, எல்லாரும் கேட்டோம்" என்றார்.

மணல் வேறு, செம்மண் வேறு என்பதை அதற்கு முன்பே அக்கா சொல்லி முடித்திருந்தார். ஆனால் அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஒருமுறை தப்பை ஒப்புக்கொண்டவர் என்பதே போதுமாக இருந்தது. கை தூக்கச் சொன்னார்கள். அக்காவின் பக்கம் மூன்று கைகள் எழுந்தன. ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது.

அந்த ஆண்டு மழைக்காலத்தில், ஒரு மதிய நேரம், புக்கிட் மெர்தாஜாமுக்கு அப்பால் உள்ளடங்கிய ஒரு தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. சின்னையா என்கிற தொழிலாளிக்கு நெஞ்சு வலி. தோட்டத்துப் பாதை சேறாகிவிட்டதால் ஆம்புலன்ஸ் தார்ச்சாலை முனையில் நிற்கிறது, நீங்கள் வந்து ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். போகும்போது எப்படியோ போய்விட்டோம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். புதிதாகப் போட்ட அகல டயர் தடத்துக்குள் இறங்க மறுத்து விளிம்பில் ஏறி ஏறி விழுந்தது. ஸ்டியரிங் அவர் கையை முறுக்கியது.

சின்னையாவைப் பின்னால் படுக்க வைத்தோம். அவர் மனைவி அஞ்சலை கூடவே ஏறிக்கொண்டார். திரும்பும்போது மழை வலுத்தது. ஒரு சரிவில், மெதுவாகத்தான் இறங்கினோம், வண்டி பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. பிரேக்கை அக்கா தொடவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினார். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. செம்பனை வரிசைக்கு நடுவே இருந்த வடிகாலில் முன்பக்கம் போய்க் குத்தி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் டிராக்டர் வந்து எங்களை இழுத்து வெளியே எடுக்க வெகுநேரம் ஆனது. அதுவரை அக்கா பின்பெட்டியில் சின்னையாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, கண்ண மூடாதீங்கண்ணே, பேசுங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தார்ச்சாலையில் ஆம்புலன்ஸுக்கு மாற்றி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது சின்னையா இறந்திருந்தார்.

முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். இன்றைக்கும் அதற்குமேல் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன்.

மருத்துவமனை வாசலில் அஞ்சலை, கமலவேணி அக்காவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்குடி வண்டி? என் புருஷனக் கொன்னுட்டியே!" என்று ஏசினார். அக்கா தலை குனிந்து நின்றார். சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை.

சங்கம் விசாரணைக் கூட்டம் நடத்தியது. பார்த்ததை நான் சொன்னேன். சரிவில் என்ன வேகத்தில் இறங்கினோம், சக்கரம் எப்படி வழுக்கியது, எல்லாம். அக்கா சொன்னது சிறிய பேச்சு. "ஓட்டுனது நான்தான். அத நான் இல்லைன்னு சொல்லல. ஆனா டயரப் பத்தியும் எழுதுங்க. அடுத்த தடவ போறவங்களுக்காக எழுதுங்க."

எழுதவில்லை. நன்கொடையாளர் மனம் நோகுமாம். 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று முடித்தார்கள். சின்னையா குடும்பத்துக்கும் அதையே சொல்லி அனுப்பினார்கள். நான் ஒருநாள் தோட்டத்துக்குத் தேடிப்போனேன். அஞ்சலை வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு போய்விட்டதாகவும், எந்த ஊர் என்று தெரியாது என்றும் தோட்டத்து லயத்து வீடுகளில் சொன்னார்கள். அக்காவைப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளச் சொன்னார்கள். நானும் வெளியே வந்துவிட்டேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்து மட்டும் யாரும் நீக்கவில்லை.

அதன்பிறகு அக்கா எந்த வண்டியையும் ஓட்டவில்லை. சொந்தக் காரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பேருந்தில் வேலைக்குப் போனார். ஓட்டச் சொல்லி நான் எவ்வளவோ கெஞ்சியிருக்கிறேன். "ஆசை விட்டுப்போச்சு செல்வி" என்பார். அந்தப் பிடிவாதத்தின் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. தண்டனை கொடுத்தவர்கள் மறந்துபோன பிறகும் அவர் அதை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

சில மாதங்கள் கழித்துப் பட்டர்வொர்த் சாலையில் அந்தச் சங்க வண்டியைப் பார்த்தேன். நன்கொடையாளரின் பெயர் கதவில் அப்படியே இருந்தது. ஆனால் டயர்கள் மாறியிருந்தன. ஒடுக்கமான, உயரமான டயர்கள். புதிதாக வந்த ஓட்டுநர் இரண்டு முறை சறுக்கியதும், அகல டயரோடு இனி ஓட்ட மாட்டேன் என்றாராம். அவருக்கு உடனே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டமும் இல்லை, கை தூக்கலும் இல்லை.

அன்று மாலையே அக்காவிடம் சொன்னேன். அவர் கத்துவார், தலைவருக்குப் போன் போடுவார் என்று எதிர்பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், "என்ன சைஸ் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார். பிறகு, கீரையைப் பார்த்தபடியே, "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

பல ஆண்டுகள் கழித்து, ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்து தேறியிருந்த அவர், இரண்டாவது பக்கவாதத்தில் போனார். டத்தோ கிராமாட் வீட்டில் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தலைவர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். அக்காவின் தியாகத்தைப் பற்றி வாசலில் நின்று பேசினார். டயரைப் பற்றிப் பேசவில்லை. செம்மண் சரிவைப் பற்றிப் பேசவில்லை. அக்காவின் தம்பி கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வேலியோரம், வெயிலில், ஓர் அம்மாள் கைப்பையோடு தனியாக நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. அஞ்சலைதான். முடி முழுக்க நரைத்திருந்தது. பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்து பிடித்து வந்ததாகச் சொன்னார்.

"உள்ள போகலாமான்னு தெரியலம்மா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நீங்க அன்னைக்கு வண்டியில இருந்தீங்கதானே? அன்னைக்கு அந்த ரோட்டுல என்னதாம்மா நடந்துச்சு? யாராவது எனக்கு ஒழுங்கா சொல்லுங்களேன். இத்தன வருஷமா எனக்கு யாரும் சொல்லல."

சொன்னேன். டயரிலிருந்து தொடங்கி, கூட்டம், கை தூக்கியது, மழை, சரிவு, பிறகு மாற்றிய டயர் வரை எல்லாவற்றையும் அந்த வெயிலிலேயே நின்று சொன்னேன். பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். அஞ்சலை அழவில்லை. வாசலில் பேசிக்கொண்டிருந்த தலைவரை ஒருமுறை பார்த்தார்.

"நான் அந்தம்மாவ ஏசினேன்ம்மா" என்றார். "சட்டையப் புடிச்சு ஏசினேன். ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. டயரு இப்படின்னு சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனே!"

"புருஷன் செத்துக் கெடக்குறப்ப டயரப் பத்திப் பேச அவங்களுக்கு வாய் வரலம்மா" என்றேன். அக்கா அப்படிச் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த அக்கா அப்படித்தான்.

"வாய்க்கரிசி போடுறவங்க வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அஞ்சலை செருப்பைக் கழற்றிவிட்டு, தலைவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. அரிசியை அள்ளினார். பாதி அரிசி அக்காவின் கழுத்தில் சிந்தியது. அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்தார். பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்றார்கள். அவர் அவசரப்படவில்லை.

பிறகு பெட்டியின் மூடியைப் போட்டார்கள்.

அக்கா, அஞ்சலைக்கு இப்போது தெரியும். நீங்கள் உயிரோடு இருந்தபோதே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. இனி உறங்குங்கள்.